பெயர் இல்லை, முகம் இருக்கிறது

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து ஊர்களிலிருந்து வேன்கள் கிளம்பும். தீப்பெட்டி ஆபீசில் ஒன்றாக வேலை பார்க்கும் பெண்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு வண்டி பிடிப்பார்கள். கட்டுச்சோறும் மாற்றுத்துணியும் கூடவே போகும். குடத்துத் தண்ணீரை அளந்து செலவழித்தே பழகிய கரிசல்காட்டுப் பெண்ணுக்கு, அளவில்லாத தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்பது வருஷத்தில் ஒருநாள் கிடைக்கிற காரியம். அந்தக் கொஞ்ச நேரம் அவள் யாருக்கும் சமைக்க வேண்டாம். மாராப்பைச் சரிசெய்துகொண்டே இருக்கவும் வேண்டாம்.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் கேமரா எடுத்துக்கொள்கிறது.

சீசன்தோறும் வெளிவரும் அருவிப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சுற்றுலாப் பயணிகள் உற்சாகமாகக் குளித்தார்கள் என்பது போல ஒரு வரி கீழே இருக்கும். ‘பயணிகள்’ என்ற சொல்லில் ஆண், பெண் வேறுபாடு தெரியாது, படத்தில் தெரியும். பேரருவியில் ஆண்களும்தான் நனைகிறார்கள். ஆனாலும் ‘உற்சாகம்’ என்ற சொல்லுக்குப் பல நேரம் ஈரப் புடவையில் நிற்கும் பெண்ணின் உடலே சான்றாகிறது. முன்பு இந்த வேலையைச் செய்யக் கேமராவும் ஒரு பத்திரிகையும் வேண்டியிருந்தன. இப்போது எதிரே நிற்கும் எவர் கையிலும் இரண்டும் இருக்கின்றன.

எடுத்தவருக்கு அது ஆயிரம் படங்களில் ஒன்று. எடுக்கப்பட்டவளுக்கு அப்படியில்லை. வாட்ஸ்அப்பில் படம் அவளுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். எடுத்தவன் யாரென்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘உன்னை யார் அங்கே போகச் சொன்னது?’ என்றுதான் கேட்பார்கள். அடுத்த வருஷம் வேன் கிளம்பும்போது அவள் இருக்கமாட்டாள். ஒரு படத்தின் விலை சில சமயம் ஒரு பெண்ணின் நடமாட்டம்.

‘பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்ப்பதை எடுத்தால் என்ன?’ என்பது வழக்கமான வாதம். பார்ப்பதும் எடுப்பதும் ஒன்றல்ல. பார்வை அந்த இடத்தோடு முடியும். படம் இடம்விட்டு இடம் போகும், பெரிதாக்கப்படும், வெட்டி ஒட்டப்படும். டெல்லி வன்கொடுமைக்குப் பிறகு 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு சேர்க்கப்பட்டது; 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, பொது இடமானாலும் குற்றம் குற்றமே என்கிறது. ஆனால் இரண்டும் பெரும்பாலும் உடையற்ற அல்லது உள்ளாடை மட்டும் அணிந்த உடலையே மனத்தில் கொண்டவை. முழு உடையில் நனைந்து நிற்பவளை எடுத்தால், அவமதிக்கும் நோக்கம் இருந்தது என்று வேறொரு பிரிவின் கீழ் நிறுவ வேண்டும். பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்ற கருத்து, 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய புட்டசாமி தீர்ப்பில் இருக்கிறது. அந்தக் கருத்துக்கும் அருவிக்கரைக்கும் நடுவிலுள்ள தூரத்தை நாகரிகம்தான் நிரப்ப வேண்டும்.

நம் மொழிக்கு இந்த நாகரிகம் புதிதல்ல. அகப்பாடலில் வரும் மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. ஒருத்தியின் ஏக்கத்தை, ஊடலை, இரவுகளை எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம். அவள் இன்னாள் என்று அடையாளம் காட்டக் கூடாது. அந்த இலக்கணம் பெண்ணைக் காப்பதற்காகவே எழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு அறிவு இருக்கிறது: வாழ்வைச் சொல்வதும் ஆளைக் காட்டிக்கொடுப்பதும் வேறுவேறு. அருவிப் படம் இதைத் தலைகீழாக்குகிறது. அவள் பெயரைச் சொல்வதில்லை. அவள் யார் என்று ஊருக்கே தெரிகிறது. அவள் மனதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

உலகம் கொண்டாடும் படங்களிலும் இது நடந்திருக்கிறது. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். பெயர் கேட்கவில்லை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று அந்தப் படம் அமெரிக்க வறுமையின் முகமானது. படம் வெளியானதும் முகாமுக்கு உணவு வந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போயிருந்தது. அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றும், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். 42 வருஷம் முகம் ஊரெங்கும் இருந்தது, பெயர் எங்குமே இல்லை.

அப்படியானால் அந்நியரைப் படமெடுக்கவே கூடாதா? நம் பகுதியைச் சேர்ந்தவர்கள் அப்படிச் சொல்லிவிட முடியாது. சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990இல் வந்தது. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி அடுக்கிய பிஞ்சு விரல்களை உலகம் அதில் பார்த்தது. அங்கே கேமராவின் எதிரே இருந்தது ஒரு தொழிலின் கொடுமை; அது மறைக்கப்பட்டிருந்தது, காட்ட வேண்டியிருந்தது. அருவியில் நிற்பவளிடம் அம்பலப்படுத்த என்ன இருக்கிறது? வேலையில் இருந்தால் இரக்கத்துக்குரியவள், வேலையை விட்டு வெளியே வந்தால் காட்சிக்குரியவள் என்று கரிசல் பெண்ணை இரண்டு சட்டகங்களில் மட்டுமே பார்க்கப் பழகியிருக்கிறோம்.

எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம் தசரா வேறொரு பாடம் தருகிறது. முத்தாரம்மனுக்கு விரதமிருந்து காளி வேடம் கட்டியவர், பிறர் பார்க்கவே வீதிக்கு வருகிறார். அந்த வேடத்தைப் படமெடுக்கலாம். வேடத்தைக் கலைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து சோறு தின்பவரை எடுப்பதற்குக் கேட்க வேண்டும். ஒரே ஆள், ஒரே இடம், ஒருமணி நேர வித்தியாசம். தன்னைக் காட்ட வந்திருக்கிறாரா, தனக்காக வந்திருக்கிறாரா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைக் கைக்கொண்டால் மற்றவை தாமே தெளியும். குளிப்பவர், உறங்குபவர், அழுபவர், பிள்ளைக்குப் பால் கொடுப்பவர் ஆகியோரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மொழி தெரியாவிட்டால் போனைக் காட்டிக் கண்ணால் கேட்கலாம். தலையசைப்பு எல்லா மொழியிலும் உண்டு. தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுப்பது, கேட்டால் மறுப்பார் என்று தெரிந்தே எடுப்பது. எடுத்ததை அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழிக்க வேண்டும். நம் செல்ஃபிகளுக்கும் இது பொருந்தும். தோழியோடு சிரித்தபடி நாம் எடுக்கும் படத்தின் பின்புறத்தில், துணி மாற்றும் இன்னொருத்தி இருக்கக்கூடும். பகிரும் முன் நம் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது.

இதைப் பேசும்போதெல்லாம் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. ‘அதனால்தான் பொம்பளைப் பிள்ளைகளை அங்கெல்லாம் விடக் கூடாது’ என்று வீடு இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும். நாம் கேட்பது அதுவல்ல. இன்னும் நிறைய வேன்கள் கிளம்ப வேண்டும், பெண்கள் இன்னும் அதிக நேரம் நனைய வேண்டும். துண்டைப் போர்த்திக் குளி என்று அவளுக்குச் சொல்ல ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். எதிரே நிற்பவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. அடுத்த சாரலில் அதை நாம் சத்தமாகவே சொல்லலாம்: “அண்ணாச்சி, போனை இறக்குங்க.”