பேராசையா, பெருஞ்சுமையா?

‘பேராசை பெருநட்டம்’ என்னும் பழமொழியை விரித்தெழுதுக என்பது நமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் இடப்படும் கட்டுரைப் பயிற்சி. சித்தாண்டியில் நாமும் அதனை இட்டோம். இரட்டிப்பு இலாபம் தருவதாகச் சொன்ன கம்பனியொன்றில் கைப்பணத்தை இழந்த தாயின் மகள் இரண்டே வரி எழுதித் தந்தாள்: அம்மாவிடம் பேராசை இருக்கவில்லை, கட்டி முடிக்க வேண்டிய வீடுதான் இருந்தது. அவ்விரு வரிகளுக்கும் புள்ளியிட நமது கை எழவில்லை.

மட்டக்களப்பு வழக்கில் மகளுக்குரிய சீதனம் பெரும்பாலும் வீடே. தந்தையற்ற குடும்பத்தில் அச்சுமை தாயொருத்தியின் தலையில் விழுகின்றது. வயற்கூலியை எவ்வளவு கூட்டினும் எட்டாத தொகை கண்முன் நிற்கும் வேளையிலேயே பங்கு விற்பவன் படலையைத் திறக்கிறான்.

இந்த உண்மையை இலக்கியத்தில் துணிந்து காட்டியவர் எமிலி ஸோலா. 1882இல் பிரான்சில் வங்கியொன்று சரிந்ததைப் பின்னணியாகக் கொண்டு அவர் 1891இல் வெளியிட்ட ‘பணம்’ என்னும் நாவலில், மனைவியை இழந்த தெஜுவா என்ற வங்கிச் சேவகன் வருகிறான். மகள் நத்தாலியின் திருமணத்திற்கு 6000 பிராங்கு வேண்டும். தன் சேமிப்பை வங்கியின் பங்குகளில் இடுகிறான். தொலைதேச வெள்ளிச் சுரங்கமும் இரயில் பாதையும் அவ்வங்கி காட்டிய கனவுகள். பங்கு விலை ஏறுகின்றது; தேவையான தொகை கிட்டிய பின்பும் அவன் விற்கவில்லை. இறுதியில் பணமும் போயிற்று. மகளும் வீட்டை விட்டுப் போனாள்.

இங்கு ஸோலாவின் நேர்மையை நோக்குக. பேராசை தெஜுவாவிடமும் பிறக்கத்தான் செய்கின்றது. ஆயின் அவனைச் சந்தைக்கு அழைத்து வந்தது அதுவன்று. சந்தைக்குள் வந்த பின்னரே அது விதைக்கப்படுகின்றது. காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைப்பதே நமது பழமொழி செய்யும் அநீதி.

எண்ணெய்ப் பங்குகளின் வரலாறு இதனினும் கொடியது. 1920களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சி. சி. ஜூலியன் என்பவர், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உரிய முதலீடு இதுவன்று எனப் பத்திரிகைகளில் விளம்பரமிட்டே பங்கு விற்றார். எச்சரிக்கையே தூண்டிலாயிற்று. 1927இல் ஜூலியன் பெற்றோலியம் சரிந்தபோது, அளவுக்கு மீறி அச்சிடப்பட்ட பங்குகளை ஏந்தி ஏறத்தாழ 40,000 பேர் ஏமாந்து நின்றனர். அதே ஆண்டில் அப்டன் சிங்க்ளேர் ‘எண்ணெய்!’ நாவலை வெளியிட்டார். இலஞ்சத்தையும் வேலைநிறுத்தத்தையும் அவர் அஞ்சாது தீட்டினார்; எனினும் கதையை நடத்திச் செல்வது எண்ணெய் முதலாளியின் மகனது பார்வையே. பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்த ஏழைத் தாயின் பார்வை நாவலின் மையத்துக்கு வரவில்லை.

எண்ணெய் தேடுதலின் இயல்பு யாது? தோண்டும் கிணறுகளிற் பல வரண்டவை. பெருங்கம்பனி பத்துக் கிணறு தோண்டி, ஒன்பதின் நட்டத்தை ஒன்றினால் ஈடுசெய்யலாம். தனித்தாய்க்கு வாய்த்ததோ ஒரே கிணறு. கண்டுபிடிப்பும் இலாபமும் ஒன்றல்ல என்பதற்கு மன்னார்க் கடலே சான்று. 2011இல் அங்கு எரிவாயு கண்ட கெயார்ன் நிறுவனம் 2015இல் வெளியேறிற்று. 2016இல் கிழக்குக் கடலை ஆராயவும் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் உடன்படிக்கை எழுந்தது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் கனவு விற்போரும் உடன் வருவர்.

ஏமாந்தவளைக் கண்டிப்பதும் அவளுக்காகக் கண்ணீர் வடிப்பதும் எளிது; நமது சிறுகதைகள் பலவும் இவ்விரண்டோடு நின்றுவிடுகின்றன. அவள் கூலி எவ்வளவு, வீட்டின் விலை எவ்வளவு, கிணறு வரண்டாலும் இலாபம் பெறுபவன் யார் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்பதே யதார்த்த இலக்கியம். அடுத்த தவணையில் மாணவர்க்கு நாம் இடப்போகும் கட்டுரையும் இதுவே: பெருநட்டம் எவருக்கு? பேராசை எவரது?