சூது கவ்வும்: திருந்தாத இருவர்

கடத்துகிறவன் தாஸ். கடத்தப்படுகிறவன் அமைச்சரின் மகன் அருமை. தமிழ் சினிமா வழக்கப்படி இவர்களில் ஒருவன் மற்றவனைத் திருத்த வேண்டும். 2013 மே 1 அன்று வெளியான நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’ படத்தில் இருவருமே திருந்துவதில்லை. படத்தின் பலம் அதுதான். அதன் குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சென்னையின் நகைச்சுவைக்கு ஏற்கெனவே ஒரு பழகிய தடம் உண்டு. மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் கிரேஸி மோகன் நாடகம் பார்த்தவர்களுக்கு அது தெரியும்: ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய், ஆள்மாறாட்டம், கடைசியில் குட்டு வெளிப்பட்டு எல்லோரும் சமாதானம். கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’வும் (1981) அந்த வகைதான். மீசையை வைத்து ஆளை எடைபோடும் முதலாளி தேங்காய் சீனிவாசனும், மீசையோடும் மீசையில்லாமலும் இரண்டு பேராக நடிக்கும் ரஜினிகாந்தும் சேரவே சேராத ஜோடி. ஆனால் அங்கே பொய்க்குக் காரணம் வயிற்றுப்பாடு. அதனால் மன்னிப்பும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

நலன் அந்த மன்னிப்பைத் தூக்கிவிட்டார். விஜய் சேதுபதியின் தாஸ் ஆள்கடத்தலைச் சட்டதிட்டங்களோடு நடத்தும் சிறுதொழில்காரன். ஐந்து விதிகள் வைத்திருக்கிறான்; அதிகாரத்தில் இருப்பவர்மேல் கை வைக்கக் கூடாது என்பது முதல் விதி. அவனோடு சேரும் மூன்று இளைஞர்கள் ஒரே அறைவாசிகள். ஒருவன் ஐ.டி. வேலையைப் பறிகொடுத்தவன், ஒருவன் ஓட்டல் வாடிக்கையாளரின் காரை ஆசைக்கு ஓட்டி வேலை போனவன், இன்னொருவன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டிவிட்டு ஊரைவிட்டு வந்தவன். முதல் விதியை மீறி இவர்கள் தூக்கிவரும் கருணாகரனின் அருமையோ, நேர்மையான அப்பாவிடம் பணம் கறக்கத் தன்னைத்தானே கடத்திக்கொள்ளத் திட்டம் போட்டவன். பிறகென்ன, உட்கார்ந்து பங்கு பேசுகிறார்கள். கடத்தியவனைவிடக் கடத்தப்பட்டவன் கைதேர்ந்தவன் என்று தெரியும் இடத்தில் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

இரண்டும் ஒன்றாக வருவதற்கு நல்ல சான்று, இன்ஸ்பெக்டர் பிரம்மா. யோக் ஜேப்பி நடித்த இந்தப் பாத்திரத்துக்குப் படம் முழுக்க ஒரு வசனம்கூடக் கிடையாது. அடி மட்டும்தான் பேசும். தாஸ் கும்பலைத் தீர்த்துக்கட்டப் பின்பக்கம் செருகி வரும் கள்ளத் துப்பாக்கி, எடுப்பதற்குள் அவர்மீதே வெடித்துவிடுகிறது. என்கவுன்டர் என்ற பயங்கரத்தைப் பிரசங்கம் இல்லாமல் கேலிக்கூத்தாக்கிவிடுகிறது அந்தக் காட்சி.

கத்தி இங்கே மறுபக்கமும் வெட்டுகிறது. தாஸின் ஷாலு அவன் கற்பனைப் பெண்; வேறு யார் கண்ணுக்கும் தெரியாதவள். யோசனை புதுசுதான். ஆனால் இரண்டே கால் மணி நேரப் படத்தில் பேர் சொல்லும்படியான பெண் பாத்திரம் இல்லாத ஒருத்திதான் என்றால் அதைப் புதுமை என்று மட்டும் சொல்லித் தாண்டிவிட முடியாது. ஐ.டி. இளைஞனின் வேலை போவதற்கும் ஒருதலைக் காதலில் கையை அறுத்துக்கொள்ளும் பெண்தான் காரணம். அவளும் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே முடிந்துபோகிறாள். ஆண்கள் இருவரின் சாமர்த்தியத்தில் மயங்கிய திரைக்கதை, அடிபட்டவர் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

மிஷ்கின் எழுதி, ஜி.ஆர். ஆதித்யா இயக்கிய ‘சவரக்கத்தி’ (2018) எதிர்த்திசையில் போனது. முடிதிருத்தும் பிச்சையாக இயக்குநர் ராம், பரோலில் வந்த ரவுடியாக மிஷ்கின். ஒரே பகலில் துரத்தல். செவித்திறன் குறைந்த கர்ப்பிணி மனைவியாக வரும் பூர்ணாவுக்குப் படத்தில் உயிருள்ள இடம் கிடைத்தது. அவருடைய காதுகேளாமையை வைத்தே சிரிப்பு மூட்டியது அந்தப் படத்தின் சறுக்கல். முடிவை நோக்கி அது உருகவும் தொடங்கிவிடுகிறது. ‘சூது கவ்வும்’ உருகவில்லை என்பதால் இன்றும் பழசாகவில்லை.

தலைப்பு பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்திலிருந்து எடுத்தது. தர்மம் மறுபடி வெல்லும் என்ற உறுதியும் அங்கே உண்டு. படம் சூதோடு நிறுத்திக்கொள்கிறது. அருமைக்குத் தேர்தல் சீட்டு, பிறகு பதவி. எம்.எஸ். பாஸ்கர் நடித்த நேர்மையான அப்பா ஓரங்கட்டப்படுகிறார். அரசியலைப் பற்றிய அந்தக் கணிப்பில் பிழையில்லை. ஆனால் தோற்ற அப்பாவையும் படம் கோமாளியாகவே வைத்திருப்பதால், சூது வென்றதில் யாருக்கு என்ன இழப்பு என்பது நம் மனதில் பதிவதில்லை. வென்றவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் படம், தோற்றவருக்காக ஒரு காட்சியாவது சிரிப்பை நிறுத்தியிருக்கலாம்.