நீர் இறங்கிய வேளையில்

பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் 'ஆஃப்ஷோர்' நாவலை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை 2015க்கு முன். இரண்டாவது தடவை அந்த டிசம்பருக்குப் பின். நீர் குடித்து உப்பிய பிரதியை வெயிலில் காயவைத்து, தாள் தாளாகப் பிரித்தெடுத்து. இரண்டும் வேறு வேறு நாவல்கள் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

முதல் வாசிப்பில் பிடித்திருந்தது படகுகள். லண்டனில், தேம்ஸ் நதியின் பாட்டர்ஸீ பகுதியில் கட்டிக்கிடக்கும் பழைய சரக்குப் படகுகளில் சிலர் குடியிருக்கிறார்கள். எழுதுகிறவன் எவனுக்கும் உள்ள பகல்கனவு இது. ஒரு மேஜை, ஒரு ஜன்னல், வெளியே நீர். நம் கவிதைகளில் வரும் ஓடங்களும் இந்த ஜாதிதான். அவற்றில் ஓட்டை கிடையாது, கக்கூஸ் கிடையாது, யாருக்கும் பாக்கி கிடையாது.

இந்தக் கனவை மெய்யாகவே வாழ்ந்தவர் தாகூர். 1890களில் ஜமீன் காரியமாக ஷிலைதாவில் இருந்தபோது 'பத்மா' என்ற படகில் நாட்கணக்காக வசித்தார். அண்ணன் மகள் இந்திராவுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்களில் ஜன்னல் வழியே கரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காலத்துக் கதைதான் 'போஸ்ட்மாஸ்டர்' (1891). ரத்தன் என்ற சிறுமியை விட்டுவிட்டு அவர் படகேறுகிறார்; திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போது பாய் காற்றில் புடைத்துவிட்டது. பெரிய கதை, சந்தேகமில்லை. ஆனால் காற்று எப்போதும் படகில் இருப்பவன் பக்கமே வீசுகிறது. 'பத்மா' மூழ்கியிருந்தாலும் ஜோடாசாங்கோவில் மாளிகை இருந்தது.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மாளிகை இல்லை. 1960களின் தொடக்கத்தில் குழந்தைகளோடு 'கிரேஸ்' என்ற படகில், இதே பாட்டர்ஸீயில் குடியிருந்தார். அது சாமான்களோடு மூழ்கிப்போயிற்று. நாவலில் வரும் நென்னாவின் படகுக்கும் அதே பெயர். 1979இல் புக்கர் பரிசு இதற்குக் கிடைத்தபோது, நைபாலின் 'எ பெண்ட் இன் த ரிவர்' பட்டியலில் இருக்க இந்தச் சின்னப் புத்தகத்துக்கா என்று அங்கே முணுமுணுத்தார்கள். சின்னப் புத்தகம்தான். வியன்னாவிலிருந்து ஒரு பையன் வந்துபோகும் பகுதி இல்லாவிட்டால் இன்னும் சின்னதாக, இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் வாசிப்பில் எனக்கு நாவல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கடலின் ஓதம் நதிக்குள் ஏறி இறங்கும் இடம் அது. படகுகள் பாதி நேரம் மிதக்கின்றன, பாதி நேரம் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன. வில்லிஸ் என்ற வயதான சித்திரக்காரர் தன் 'டிரெட்நாட்' படகை விற்க வேண்டும். அதில் ஓட்டை. நீர் இறங்கிய வேளையில் மட்டும் ஆட்களுக்குக் காட்டினால் ஓட்டை தெரியாது. மற்றப் படகுக்காரர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாம் பொய்க்குத் துணைபோக வேண்டுமா என்று ரிச்சர்ட் கேட்பதில்தான் புத்தகம் தொடங்குகிறது. முதல் தடவை இதை ஹாஸ்யமாகப் படித்திருந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு மனை காட்டியது சித்திரை மாதத்தில். வெடித்த களிமண், வேலிக்காத்தான், தூரத்தில் ஏரிக்கரை. தரகர் செருப்புக் காலால் தரையைத் தட்டி, "கெட்டித் தரை சார்" என்றார். ஏற்கெனவே வீடு கட்டியிருந்த மூன்று நான்கு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் ஒருமுறை வந்து பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சில வருஷங்கள் கழித்து அடுத்த மனைக்கு ஒரு குடும்பம் வந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை. என் வீட்டின் விலையும் அந்த மௌனத்தில் இருந்தது.

ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேருவது இந்தப் பக்கத்துப் பழைய ஏற்பாடு. நாங்கள் அதன் நடுவில் படுக்கையறை கட்டியிருக்கிறோம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் தெருவுக்குள் படகுகள் வந்தன. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. சரிவிலிருந்த அடுத்த வீட்டில் இடுப்பளவு. அவர்கள் எங்கள் மாடிக்கு வந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு குடும்பமும் இரண்டு இரவு. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நாவலின் மேல் எனக்குள்ள குறை இதிலிருந்துதான் வருகிறது. விலை படிந்துவரும் தறுவாயில் 'டிரெட்நாட்' மூழ்கிவிடுகிறது, வில்லிஸ் பிழைத்துக்கொள்கிறார். ஏமாற்று நடக்காமலே போகிறது. விற்றிருந்தால்? வாங்கியவன் பக்கத்திலேயே குடியிருந்தால், தினமும் முகம் பார்க்க வேண்டியிருந்தால்? ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த இடத்தில் தன் மனிதர்கள் மேலுள்ள பிரியத்தால் நழுவிவிட்டார். கடைசியில் புயலில் ஒரு படகு இரண்டு குடிகாரர்களோடு கட்டறுந்து போகிறது. அழகான முடிவு. எனக்கு அழகு போதவில்லை.

ஆனாலும் கேள்வியையாவது அவர் முதல் வரியில் வைத்தார். நம்மிடம் அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) இருக்கிறது. தண்ணீருக்கு அலைந்த சென்னையை அதைவிட யாரும் எழுதிவிடவில்லை. வறட்சியில் நாம் குடத்தோடு நிற்கிறவர்கள். நிற்கும் இடம் தெளிவாக இருக்கிறது. வெள்ளத்தில் நாம் ஏரிக்குள் இருக்கிறவர்கள். 2015க்குப் பிறகு என் கைக்கு வந்த வெள்ளக் கவிதைகளில் சாப்பாட்டுப் பொட்டலம் வருகிறது, முகம் தெரியாதவன் நீட்டிய கை வருகிறது, பெரும்பாலும் இயற்கையின் சீற்றம் வருகிறது. பத்திரப்பதிவு எதிலும் வரவில்லை. நானும் இரண்டு எழுதினேன். அவற்றிலும் வரவில்லை.

இந்தச் சித்திரையில் தெருக்கோடியில் ஒரு கார் வந்து நின்றது. மிச்சமிருக்கும் ஒரே மனைக்கு. இளம் தம்பதி, தூங்கும் குழந்தை. அந்தப் பையன் நேராக என்னிடம் வந்தான். "மழைக் காலத்துல இங்க எப்படி சார்?" அடுத்த வீட்டுக்காரர் தன் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், கையில் வேட்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.