ஆணைக்கு முந்திய நாள்

அவிநாசிக்கு வடக்கே சேவூரில் என் நண்பர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு நாள் அவருடன் போய்த் தங்கியிருந்தேன். கொத்தனார் சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். வாசலில் வயதான ஆசாரி ஒருவர் நிலைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடியில் விசைத்தறிகளின் ஓசை. நான் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கதை எழுதுகிறவனுக்குக் கல்வெட்டில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். ராஜாக்கள் பிரஜைகளிடம் எந்தப் பாஷையில் பேசினார்கள் என்று தெரிந்துகொள்வதில் எனக்கு நீண்ட நாள் ஆசை. முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தலையில் வரும் மெய்க்கீர்த்திகளைப் பலரும் ரசித்திருப்பார்கள். வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் கம்பீரமான நடை அது. ஆனால் அன்று என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள சின்னஞ்சிறு சாசனம்; கொங்குச் சோழர் காலத்தது என்பார்கள்.

அதில் அரசன் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 'கோனேரின்மைகொண்டான்', அதாவது தனக்கு நிகரான அரசன் இல்லாதவன், என்று மட்டும் சொல்கிறான். பல அரசர்கள் தங்கள் ஓலைகளில் வைத்துக்கொண்ட பட்டம் அது. ஆணை வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு. பதினைந்தாவது ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் அவர்கள் வீட்டு நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே புறப்படும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். சொன்னதெல்லாம் இவ்வளவுதான்.

இதை நான் ஆசாரிக்குப் படித்துக் காட்டினேன். அவர் இழைப்புளியை நிறுத்தினார்.

"ஏனுங்க, செருப்புப் போட்டுக்கறதுக்கா உத்தரவு?"

"ஆமாம்."

"அப்ப, அதுக்கு முந்தின நாளு வரைக்கும்?"

அரசாணைகளைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. சரித்திர நூல்களில் இது மன்னனின் தாராள குணத்துக்குச் சான்றாக நிற்கலாம். ஆசாரியோ தானத்தை விட்டுவிட்டுத் தடையைப் பார்த்தார். அனுமதி என்று ஒன்று கல்லில் ஏறியிருக்கிறது என்றால், அதுவரை அந்தத் தச்சனும் கொல்லனும் தட்டானும் வெறுங்காலோடு வெயிலில் நடந்தார்கள் என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் மாளிகையும் கோபுரமும் எழுப்பியவன் பூச்சில்லாத சுவருக்குள் படுத்தான். அவன் வீட்டுச் சாவுக்குச் சங்கு இரட்டையாக ஊதவில்லை. ஒரு நாவலாசிரியன் இருநூறு பக்கத்தில் சொல்லக்கூடியதை இந்தச் சாசனம் தன்னையறியாமல் சில வரிகளில் சொல்லிவிடுகிறது. இலக்கியம் என்று எண்ணி எழுதாத எழுத்துக்குச் சில சமயம் இந்தப் பாக்கியம் வாய்க்கும்.

வீட்டுச் சுவரில் மூக்கை நுழைத்த மன்னர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1603 முதல் 1625 வரை ஆண்ட முதலாம் ஜேம்ஸ், பிரகடனம் வெளியிடுவதில் சளைக்காதவர். லண்டனில் எழும்பும் வீடுகளின் முகப்பு செங்கல்லாலோ கருங்கல்லாலோதான் இருக்க வேண்டும், மரத்தால் கூடாது என்று 1605-இல் ஆணை போட்டார். கப்பல் கட்ட மரம் வேண்டுமே என்பது அவர் கவலை. நகரைச் சுற்றிப் புதுக் கட்டடமே கூடாது, கோதுமையிலிருந்து துணிக்குக் கஞ்சி எடுக்கக் கூடாது என்றும் ஆணைகள் வந்தன. நம் கொங்கு மன்னன் காரணமே சொல்லாதவன். ஜேம்ஸோ காரணம் சொல்லி மாளாதவர். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு நீதிபோதனை செய்வதுபோல இருக்கும் அந்த நடை.

1610-இல் பார்லிமெண்டின் பொதுச்சபை இந்த ஆணைகளைப் பற்றி முறையிட்டது. கட்டடம், கஞ்சி இரண்டையும் பற்றித் தலைமை நீதிபதிகளில் ஒருவரான எட்வர்டு கோக்கிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. மற்ற நீதிபதிகளையும் கலந்துகொண்டு அவர் சொன்ன முடிவின் சாரம்: முன்பு குற்றமில்லாத ஒன்றை அரசன் பிரகடனத்தால் குற்றமாக்க முடியாது, நாட்டின் சட்டம் எவ்வளவு அதிகாரம் தருகிறதோ அவ்வளவுதான் அரசனுக்கு உண்டு. அதற்குப் பிறகும் ஆணைகள் நின்றுவிடவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, பதிவாகிவிட்டது.

கோக் சட்டத்தை வைத்துக் கேட்டார். சேவூர் ஆசாரி வாழ்க்கையை வைத்துக் கேட்டார். 'இதைச் சொல்ல நீ யார்?' என்பது ஒருவர் கேள்வி. 'இதைச் சொல்லும்படி ஏன் இருந்தது?' என்பது மற்றவர் கேள்வி. எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது. செருப்புக்கு அனுமதி கொடுத்த கை நல்ல கை என்றே வைத்துக்கொள்வோம். கொடுக்கிற கைக்கு மறுக்கவும் முடியும். அரசனின் கருணையால் வந்த செருப்பு கால் உள்ளவனின் உரிமை ஆகிவிடாது.

ஆயினும் அந்தச் சாசனத்தின் கடைசிப் பகுதிக்காக அதன் ஆசிரியனை நான் மன்னித்துவிடுகிறேன். இந்த ஓலையை ஆதாரமாகக் கொண்டு, சந்திர சூரியர் உள்ளவரை நிற்கும்படி, வேண்டிய இடங்களில் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்கிறான். கல்லில் வெட்டுகிறவன் யார்? கல்தச்சன். செம்பில் வெட்டுகிறவன் யார்? கன்னான். இருவரும் கம்மாளரே. ஓலை மன்னனுடையது, உளி அவர்களுடையது.

இதை நான் சொன்னதும் ஆசாரி, "அதானுங்க, எழுத்து அத்தனை ஆழமா விழுந்திருக்குது" என்றார். அவர் அந்தக் கல்லைப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவர் போலத்தான் சொன்னார். கொத்தனார் அடுத்த சட்டிச் சாந்தைக் குழைத்துச் சுவரில் அப்பினார்.