மாமாவை வெளியே எடுத்த பிறகு

வைக்கோல்மேல் சுருண்டு கிடக்கிறாள் ஒரு கிழச் சிம்பன்சி. உணவு இறங்கவில்லை. எண்பதை நெருங்கிய பேராசிரியர் ஒருவர் கூண்டுக்குள் நுழைந்து குனிகிறார். அவரை அடையாளம் கண்டதும் அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. நீண்ட கையை நீட்டி அவர் தலையைத் தடவி, கழுத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். 2016இல் நெதர்லாந்தின் அர்ன்ஹெம் நகரிலுள்ள பர்கர்ஸ் பூங்காவில் எடுக்கப்பட்ட காணொளி இது. சில நாள்களில் அவள் இறந்தாள். வயது 59. டச்சு மொழியில் ‘அம்மா’ என்று பொருள்படும் ‘மாமா’ என்பதே அவள் பெயர். தமிழில் அந்தப் பெயர் ஓர் ஆண் உறவைக் குறிக்கிறது என்பது மொழியின் குறும்பு.

அந்தக் காணொளியை எங்கள் துறை மாணவிகளோடு பார்த்தேன். பலர் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மாமா கடைசி அணைப்புக்காக மட்டும் நினைக்கப்பட வேண்டியவள் அல்ல. அவள் ஒரு தலைவி. அவளுடைய தலைமை எப்படி முடிந்தது என்பதை நாம் வாசிக்கத் தவறிவிட்டோம்.

அர்ன்ஹெம் குடியிருப்பு 1971இல் தொடங்கப்பட்டது. காணொளியில் வருகிற யான் வான் ஹூஃப்தான் அதற்கு வழிவகுத்த ஆய்வாளர். அதற்கு முந்தைய காலம் வேறு. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1926 முதல் 1972 வரை சிம்பன்சிக் குட்டிகளுக்குச் சட்டை மாட்டி, மேசையில் உட்கார்த்தி, தேநீர் விருந்து நடத்தினார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் தாயைச் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் பெரும்பாலும் குட்டியைப் பிடிக்க முடியும். மடியில் குட்டி இருக்கும்வரை தாய் விடமாட்டாள். காட்சிசாலைகளை நிரப்பிய குட்டிகளுக்குப் பின்னால் எண்ணப்படாத தாய்கள் இருக்கிறார்கள்.

அடைப்பில் சிம்பன்சி குட்டி ஈன்றதற்கான முதல் பதிவு 1915ஆம் ஆண்டுக்குரியது. இடம் காட்சிசாலை அல்ல, ஹவானாவில் ரோசாலியா அப்ரேயு என்ற செல்வப் பெண்மணியின் தோட்டம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் யெர்கீஸ் 1924இல் அங்கு போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். பின்னாளில் ஆய்வுக்காகச் சிம்பன்சிகளைப் பெருமளவில் இனப்பெருக்கம் செய்ய வைத்தவர் அவர். வரலாறு அவரை அறிவியலாளர் என்கிறது, அப்ரேயுவைக் குரங்கு வளர்த்த சீமாட்டி என்கிறது.

அர்ன்ஹெமில் நிலைமை மேம்பட்டது. தனித்தனிக் கூண்டுகள் இல்லை. அகழி சூழ்ந்த திறந்த வெளியில் இருபதுக்கும் மேற்பட்டவை ஒரே கூட்டமாக வாழ்ந்தன. 1975இல் அங்கு வந்த பிரான்ஸ் டி வால் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதிய ‘சிம்பன்சி பாலிடிக்ஸ்’ 1982இல் வெளியானது. யெரூன், லௌட், நிக்கி என்ற மூன்று ஆண்களின் அதிகாரப் போட்டிதான் கதை. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்த உறுப்பினர்கள் படிக்க வேண்டிய நூல்களில் ஒன்றாக அரசியல்வாதி நியூட் கிங்ரிச் இதையும் சேர்த்தார். ‘ஆல்ஃபா ஆண்’ என்ற சொல் மேலாண்மை வகுப்புகள்வரை பரவியது. குரங்கிலேயே ஆண்தான் ஆள்கிறான், இது இயற்கை என்று பேசுகிறவர்களுக்கு ஒரு சான்று கிடைத்தது.

ஆனால் அந்தக் குடியிருப்பின் தொடக்கத்தில் ஆண்டவள் மாமா. 1973இல் வளர்ந்த ஆண்களைக் கொண்டுவந்து சேர்த்தபோது அவர்கள் அவளுக்கு அடங்கித்தான் இருந்தார்கள். மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் அவர்களை ஓடஓட விரட்டினாள். அப்போது பூங்கா என்ன செய்தது? மாமாவைச் சிறிது காலம் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது யெரூன் தலைவனாகியிருந்தான். மீண்டும் அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இதை டி வால் மறைக்கவில்லை. காட்டில் ஆண்களே மேலாதிக்கம் செய்வதால் இது இயல்புக்குத் திரும்பியதுதான் என்று ஒருவர் வாதிடலாம். வாதத்தில் உண்மை உண்டு. காட்டுச் சிம்பன்சிகளிடம் ஆணின் மேலாதிக்கம் வலுவானது. நம் விருப்பத்துக்காக அதை இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. இயல்பு அவ்வளவு உறுதியானதென்றால், அதை நிலைநாட்டக் கூண்டுக் கதவைத் திறந்து மூட ஒரு மனிதக் கை ஏன் தேவைப்பட்டது? பெண்ணுக்கு ஆளும் திறன் இல்லாததால் அவள் இறங்கவில்லை, இறக்கப்பட்டாள். உலகம் வியந்து படித்த ஆண்களின் அரசியல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. பெண்ணை வெளியே வைத்துவிட்டு நடத்தப்பட்ட ஆட்டத்தின் முடிவைப் பெண்ணின் இயல்பு என்று படிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

பதவி போன பிறகும் மாமாவின் செல்வாக்கு போகவில்லை. சண்டையிட்ட ஆண்கள் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கையில் இருவரையும் சமாதானத்துக்குக் கொண்டுவருகிறவள் அவள். எறியத் தயாராக நிற்கும் ஆணின் கையிலிருந்து பெண்கள் மெல்லக் கல்லைப் பிடுங்கிவிடுவதையும் டி வால் பதிவுசெய்திருக்கிறார். 1980இல் ஓரிரவு மற்ற இரு ஆண்களும் லௌட்டைக் கடித்துக் குதறினார்கள். அவன் இறந்துபோனான். அன்றிரவு அந்தக் கூண்டில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. கல்லைப் பிடுங்க ஒரு கையும் அங்கே இல்லை.

அரசியலுக்கு அடுத்தது பால். கைஃப் என்ற பெண்ணுக்குப் போதிய பால் சுரக்கவில்லை, குட்டிகள் இறந்தன. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அவள் உண்ணாமல் ஒடுங்கிக் கிடந்தாள். க்ரோம் என்பவளுக்குக் காது கேட்காது. குட்டியின் அழுகை அவளை எட்டவில்லை, அவள் குட்டிகளும் பிழைக்கவில்லை. 1979இல் க்ரோமுக்குப் பிறந்த ரோஷாவை எடுத்து, புட்டியில் பால் கொடுக்கக் கைஃபுக்குக் கற்றுக்கொடுத்து, அவளிடம் வளர்க்க விட்டார்கள். குட்டி பிழைத்தது. பின்னால் தன் சொந்தக் குட்டிகளையும் கைஃப் அப்படியே வளர்த்தாள். தாய்மை வெறும் உள்ளுணர்வல்ல, கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மனிதர் வளர்த்த பெண் சிம்பன்சிகள் பலவற்றுக்குத் தம் குட்டியை என்ன செய்வதென்றே தெரியாமல் போன கதை பல காட்சிசாலைகளில் உண்டு. நெஞ்சை நிறைக்கும் கதைதான். ஆனால் வாசிக்கும்போதெல்லாம் நான் க்ரோமைத் தேடுகிறேன். கேளாத காதோடு, மடி வெறுமையாகி, அவள் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள்?

இன்று சிக்கல் தலைகீழ். இடம் போதாததால் பிறப்பைத் தடுக்க வேண்டியிருக்கிறது. நாம் விழுங்கும் அதே கருத்தடை மாத்திரைகள், கைத்தோலுக்கடியில் வைக்கும் அதே குச்சிகள் சிம்பன்சிப் பெண்களுக்கும் தரப்படுகின்றன. ஐரோப்பியக் காட்சிசாலைகளின் கூட்டு இனப்பெருக்கத் திட்டம் மேற்கு ஆப்பிரிக்கத் துணையினத்துக்கு முன்னுரிமை தருகிறது. கலப்பில் பிறந்தவை பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. இதைச் சொன்னதும் ஒரு மாணவி, “நம்ம ஊர் மாதிரியே இருக்கே மேடம்” என்றாள். வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியானது. இரண்டும் ஒன்றல்ல என்று அவளிடம் சொன்னேன். அங்கே அழியும் உயிரினத்தைக் காக்கும் நோக்கம் இருக்கிறது. சாதிக்கு அப்படி ஒரு நோக்கம் எந்நாளும் இருந்ததில்லை. ஆயினும் ஒரு கருப்பை எதைச் சுமக்கலாம் என்று அதன் உடைமையாளர் தவிர மற்றவர்கள் கூடி முடிவெடுக்கும் காட்சி அவளுக்கு ஏன் பழகியதாகத் தெரிந்தது என்பது எனக்குப் புரிந்தது.

குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், துணையை இழந்த மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிர்விடுகிறது. கைம்மைக்கு அஞ்சும் குரங்கு! காலங்காலமாக அதன் அன்பை வியந்து பாடம் நடத்துகிறோம், நானும் நடத்தியிருக்கிறேன். தலைவிக்கு வேண்டிய கற்பைப் புலவர் மந்தியின்மேல் ஏற்றினார். தமக்கு வேண்டிய ஆண்மையைக் கிங்ரிச் போன்றவர்கள் யெரூன்மேல் ஏற்றினார்கள். தன் சொல் இப்படித் திரிந்ததை டி வாலே பின்னாளில் மறுத்தார். நல்ல தலைவன் பலவீனரைக் காப்பவன், சமாதானம் செய்பவன் என்று விளக்கினார். 2019இல் வந்த தன் நூலுக்கு மாமாவின் பெயரையே வைத்தார். ஆனால் அந்தத் தலைப்பிலும் அவள் அணைப்பவளாகத்தான் இருக்கிறாள்.

இனி அந்தக் காணொளியைக் காட்டும்போது அதற்கு முன்னால் 1973ஐச் சொல்லிவிடப் போகிறேன். அணைக்கும் அந்தக் கையைப் பார்க்கும் மாணவி, அதே கை ஒரு காலத்தில் கூட்டத்தை ஆண்டதையும் தெரிந்துகொண்டு அழட்டும்.