'கோச்சடையான்': பாத்திரமும் கதைப்பின்னலும் – ஒரு மறுபார்வை

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' அசைவூட்டத் திரைப்படம், 'மோஷன் கேப்சர்' நுட்பத்தாலேயே பெரிதும் பேசப்பட்டது. அதன் கதைப்பின்னல் போதிய அளவு ஆராயப்படவில்லை. கோட்டைப்பட்டினத்துப் படைத்தலைவன், நஞ்சுண்ட வீரர்களின் உயிர்காக்க, அவர்களைப் பகைநாடான கலிங்கபுரியில் அடிமைகளாக விட்டு மீள்கிறான். துரோகியெனக் கொலைத்தண்டம் பெறுகிறான். களத்தில் மாய்தலைப் புகழெனக் கொள்ளும் புறத்திணை மரபுக்கு இச்செயல் மாறானது. எனவே இஃது அரிய அறச்சிக்கல். படமோ அவன் அகப்போராட்டத்தை விரிக்காது, அதனை முன்கதையாகச் சுருக்கி, மகனின் பழிதீர்ப்புக்குக் காரணமாக மட்டும் அமைத்துக்கொள்கிறது. தந்தை, மகன் இருவரும் ரஜினிகாந்தின் உருவச் சாயலாகவே எஞ்சுகின்றனர். 2009இல் மறைந்த நாகேஷை மீண்டும் திரையில் நடமாடச் செய்த கணினி, நாயகனின் தயக்கத்தைக் காட்டவும் வல்லதே. அதற்கு இடம் தராதது திரைக்கதை எனலாம்.