உல்லாசம் (இதழ் நடையில்)

உல்லாசம் என்பது களிப்பு, துள்ளல், கவலையற்ற உற்சாகம் ஆகியவற்றைக் குறிக்கும் சொல். 'உத்' என்னும் முன்னொட்டும் 'லஸ்' என்னும் வேரும் சேர்ந்த வடசொல் இது. மேலெழுந்து ஒளிர்தல் என்பது அடிப்படைப் பொருள். மம்மடரின் காவியப்பிரகாசத்தில் இயல்களுக்கே உல்லாசம் என்றுதான் பெயர். இலங்கைத் தமிழில் சுற்றுலா வருவோர் உல்லாசப் பயணிகள். தமிழ்நாட்டில் 1980-இல் 'உல்லாசப் பறவைகள்', 1997-இல் 'உல்லாசம்' எனத் திரைப்படங்கள் வந்தன.

ஆனால் நாளிதழ்களின் குற்றச் செய்தியிலும், அதை விரித்தெழுதும் வார இதழ்களிலும் இச்சொல்லுக்கு வேறு வேலை. அங்கே 'உல்லாசமாக இருந்தார்' என்றால் உடலுறவு கொண்டார் என்று பொருள். 'ஆசை வார்த்தை கூறி உல்லாசம்', 'மிரட்டிப் பலமுறை உல்லாசம்' என்று தலைப்புகள் அச்சு வார்த்தாற்போல் வருகின்றன.

இதை இடக்கரடக்கல் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இலக்கணம் ஒப்பிய தகுதி வழக்குதான். 'கால் கழுவி வந்தான்' என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. ஆயினும் அது சொல்லை மறைக்கிறதே தவிர, நடந்ததை மாற்றுவதில்லை. 'மிரட்டி உல்லாசமாக இருந்தார்' என்னும் தொடரோ நடந்ததையே மாற்றிவிடுகிறது. மிரட்டப்பட்டவருக்கு அதில் என்ன களிப்பு? களித்தவர் எழுவாயாக நிற்பவர் மட்டுமே. 'அந்தப் பெண்ணுடன்' என்பதிலுள்ள 'உடன்' என்னும் உருபு, துன்பப்பட்டவரையும் அக்களிப்பில் பங்காளி ஆக்குகிறது. செய்தியாளர் தம்மை அறியாமலே குற்றஞ்சாட்டப்பட்டவரின் கண்ணால் பார்த்து எழுதிவிடுகிறார்.

சிறுமியர் பற்றிய செய்திகளில் இது இன்னும் கொடிது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் இசைந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே செய்தியில் 'போக்சோவில் கைது' என்று ஒரு வரி, 'உல்லாசமாக இருந்தது தெரியவந்தது' என்று மற்றொரு வரி! இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

இடப் பற்றாக்குறையால் வந்த பழக்கம் என்ற வாதமும் நிற்காது. 'பாலியல் வன்கொடுமை' நீளமான தொடர்தான். இருந்தும் 'கற்பழிப்பு' என்ற சொல்லின் இடத்தை அது பெருமளவு பிடித்துவிட்டது. கெட்டது குற்றம் செய்தவனின் ஒழுக்கமா, பாதிக்கப்பட்டவளின் கற்பா என்று கேள்வி எழுந்த பிறகு வந்த மாற்றம் அது. 'கள்ளக்காதல்' இன்னும் போகவில்லை. போகும் என்ற நம்பிக்கைக்கு 'திருமணம் கடந்த உறவு' என எழுதும் சில இதழ்கள் இடம் தருகின்றன.

உல்லாசத்துக்கு மாற்றுத் தேட அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வன்கொடுமை நடந்திருந்தால் வன்கொடுமை என்றும், ஏமாற்றியிருந்தால் ஏமாற்றி உறவு கொண்டார் என்றும் எழுதலாம். இருவரும் மனமொப்பிப் பழகியிருந்தால் அது பெரும்பாலும் செய்தியே அன்று.